சிவில் படித்தவர் ஜாவா எழுதிய காலம்

2004 வாக்கில் அமெரிக்காவில் ஒரு புது வினைச்சொல் புழங்கியது. தன் வேலை இந்தியாவுக்குக் கைமாறியதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை ‘பெங்களூர்டு’ ஆகிவிட்டார் என்றார்கள். அந்தச் சொல்லை அச்சடித்த டி-ஷர்ட்கள்கூட விற்றன. இருபது ஆண்டு கழித்து அதே பயம் பெங்களூருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்தமுறை வேலையைக் கொண்டுபோகிற ஊருக்குப் பெயர் கிடையாது.

திங்கட்கிழமை விடிகாலையில் சேலம், தருமபுரி, மதுரை பஸ்கள் ஓசூர் ரோடு நெடுக இளைஞர்களை இறக்கிவிட்டுப் போகும். தோளில் லேப்டாப் பை, கையில் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி. எலெக்ட்ரானிக் சிட்டி, மடிவாளா, பி.டி.எம். லேஅவுட் என்று அவரவர் பி.ஜி.க்குப் பிரிவார்கள். அந்த அறைகளில் இப்போது ராத்திரிப் பேச்சு இதுதான்: “ஏ.ஐ. நம்ம வேலையைத் தூக்கிடுமா மச்சான்?”

யாருடைய வேலையை என்று கேட்டால் விஷயம் பிடிபடும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபோது அது எழுதிய நிரலைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. 2024 அக்டோபரில் உலகின் பெரிய தேடுபொறி நிறுவனம், தன் புதிய நிரல்களில் கால்பங்குக்கு மேல் ஏ.ஐ. எழுதுவதாகவும் பொறியாளர்கள் அதைச் சரிபார்ப்பதாகவும் அறிவித்தது. அடுத்த ஏப்ரலில் இன்னொரு மென்பொருள் பெருநிறுவனம், தன்னுடைய கணக்கு 20 முதல் 30 சதவீதம் என்றது. சரிபார்க்க அனுபவசாலி வேண்டும். அவருக்கு இடம் இருக்கிறது. எழுதிப் பழகவேண்டிய புதியவருக்குத்தான் நாற்காலி இல்லை.

பெங்களூரின் சேவை நிறுவனங்கள் வளர்ந்த விதமே புதியவர்களை நம்பித்தான். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஆள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பில் போடும் தொழில் இது. மேலே சில சீனியர்கள், கீழே நூற்றுக்கணக்கில் ஃப்ரெஷர்கள் என்று கோபுரமாக அடுக்கினால்தான் லாபம். அதற்காகக் கேம்பஸுக்கு வந்தவர்கள் கேட்டது இரண்டே தகுதி: பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், நிலுவையில் அரியர் கூடாது. சிவில், மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ எதுவானாலும் சரி. சில மாதப் பயிற்சியில் பாலத்துக்குக் கணக்குப் போடப் படித்தவர், அமெரிக்க வங்கிக்கு ஜாவா எழுதிக்கொண்டிருந்தார்.

இந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் மறக்கக்கூடாது. 2007-இல் பொறியியலுக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்து, பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்றானது. 2010-இல் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. நெசவாளர் வீட்டிலிருந்தும் மானாவாரி நிலத்தை நம்பிய வீட்டிலிருந்தும் முதன்முறையாக ஒருவர் பொறியாளரானார். அவருக்கு ஆங்கிலம் திக்கும், கோடிங் சுமார்தான். அவரையும் எடுத்து, உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த வேலை ஐ.டி. ஒன்றுதான்.

கற்றுக்கொடுத்தது என்றால் பெரிய விஷயமெல்லாம் இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதுவது, ராத்திரி ஷிஃப்டில் வரும் டிக்கெட்டுகளை மூடுவது, பதினைந்து வருடப் பழைய நிரலில் ஒரு வரியைத் திருத்திவிட்டு எதுவும் உடையவில்லையே என்று பார்ப்பது. அலுப்பான வேலை. ஆனால் இரண்டு வருடம் அந்த அலுப்பில் கிடந்தவருக்குத்தான் எந்த வரியைத் தொட்டால் எங்கே வெடிக்கும் என்பது தெரிந்தது. ஏ.ஐ. முதலில் வாங்கிக்கொண்டது சரியாக இந்த வேலைகளைத்தான்.

எண்களைப் பாருங்கள். தொழில்துறைக் கணக்குப்படி 2021-22இல் இந்திய ஐ.டி. துறையில் நிகரமாகச் சேர்ந்தவர்கள் சுமார் 4.5 லட்சம் பேர். 2023-24இல் சுமார் 60,000. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும், மேலைநாடுகளில் வட்டி ஏறியதும் இதற்குக் காரணங்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை வைத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வு ஏ.ஐ. பக்கமும் கை காட்டுகிறது. 22 முதல் 25 வயதுவரையிலான மென்பொருள் பணியாளர் எண்ணிக்கை, 2022 இறுதியின் உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் இறங்கியிருக்கிறது. மூத்தவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

“எண்பதுகளில் வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் இப்படித்தான் அலறினார்கள்” என்பவர்கள் உண்டு. பன்னாட்டு நிறுவனங்களின் சொந்த மையங்கள் நாட்டில் 1,700-ஐத் தாண்டிவிட்டன, பெங்களூர்தான் அவற்றின் தலைநகர் என்பார்கள். ஏ.ஐ. துணையோடு வேலை செய்த அனுபவசாலிகள் 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்ததாக 2025-இல் வந்த ஓர் ஆய்வையும் காட்டுவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த மையங்கள் பெரும்பாலும் தேடுவது வேலை தெரிந்த ஆளை. ஆய்வில் உட்கார்ந்தவர்களும் கைதேர்ந்தவர்கள்.

பெரியவர்களும் முழுக்கத் தப்பவில்லை. 2025 ஜூலையில் ஒரு மாபெரும் சேவை நிறுவனம் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. பெரும்பாலும் நடு, மேல் மட்டத்தவர். காரணம் ஏ.ஐ. இல்லை, திறன் பொருந்தாமை என்றது. அவர்கள் கையில் பத்து, பதினைந்து வருட அனுபவமாவது இருக்கிறது.

ஃப்ரெஷர் கையில் இருப்பது கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 2022-இல் ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களில் சிலர் வேலையில் சேர இரண்டு ஆண்டுகள்வரை காத்திருந்தார்கள். அவர்களில் கடன் வாங்கியவருக்குச் சம்பளத்துக்கு முன்னால் தவணை வந்து நின்றது. சேர்ந்த பிறகும் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம்; பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தொகை பெரிதாக அசையவில்லை. புராஜெக்ட் கிடைக்காமல் பெஞ்சில் வருடத்துக்கு 35 நாளுக்கு மேல் உட்காரக்கூடாது என்று ஒரு நிறுவனம் 2025-இல் விதியே போட்டுவிட்டது.

இத்தனைக்கும் நடுவே கல்லூரிகளில் நடப்பதுதான் விநோதம். ஒரு பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பு, தரமான கல்லூரிகளுக்கு 2024-25 முதல் நீங்கியது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்புகள் பெருகுகின்றன. ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் என்று பெயர்ப்பலகை வைத்த பிரிவுகளும் கவுன்சலிங்கில் வேகமாக நிரம்புகின்றன. வாசலில் இடம் குறையக் குறைய, வரிசை நீள்கிறது.

கவுன்சலிங்குக்குப் பிள்ளையோடு போகும் பெற்றோர் கல்லூரியில் ஒன்று கேட்கலாம். போன வருடம் எத்தனை பேருக்கு ஆஃபர் லெட்டர் வந்தது என்பதைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் இன்று சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.