நடுவர்கள் தள்ளியதும் நாளிதழ் கண்டதும்

புதுதில்லி: ஓவியப் போட்டி முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் நடுவர் குழுவைப் பத்திரிகைகள் சாடுவது வழக்கம். பெரும்பாலும் அந்தச் சர்ச்சை ஒரு வாரத்தில் அடங்கிவிடும். 1935-ல் சிம்லாவில் எழுந்த பிரச்னை அப்படி அடங்கவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் சிம்லா நுண்கலைச் சங்கத்தின் கண்காட்சிக்கு, 22 வயது ஓவியர் அம்ரிதா ஷெர்கில் 10 ஓவியங்களை அனுப்பினார். இரண்டே ஆண்டுகளுக்கு முன்பு பாரீஸின் கிராண்ட் சலோன் அமைப்பில் இணை உறுப்பினராகத் தேர்வு பெற்றிருந்தவர் அவர். சிம்லா நடுவர்களோ 5 ஓவியங்களை நிராகரித்தனர். ஏற்றவற்றில் ஒன்றுக்கு ஃபரீத்கோட் மகாராஜாவின் பரிசை அறிவித்தனர்.

பாதியைத் தள்ளிவிட்டுப் பரிசு தருவது என்ன நியாயம்? அம்ரிதா பரிசைத் திருப்பி அனுப்பினார். காரணத்தையும் கடிதத்தில் எழுதினார். அரசின் கோடைத் தலைநகரில், அதிகார வட்டாரத்தினர் சூழ்ந்த ஒரு சங்கத்துக்கு இளம்பெண் ஒருவர் இப்படி எழுதுவது அக்காலத்தில் எளிய செயலல்ல.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1936-ல் சென்னை 'ஹிந்து' நாளிதழில், கடந்தகால வடிவங்களை நகலெடுப்பதே இந்தியக் கலை என்ற போக்கைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார்.

1937 நவம்பரில் லாகூர் ஃபலெட்டி ஹோட்டலில் அவரது தனிக் கண்காட்சி நடைபெற்றது. 'சிவில் அண்ட் மிலிட்டரி கெஜட்' நாளிதழில் சார்லஸ் ஃபாப்ரி அதைப் பெரிதும் பாராட்டி எழுதினார். ஒருகாலத்தில் கிப்ளிங் பணியாற்றிய ஏடு அது. ஆங்கிலேய அதிகாரிகளின் குரல் என்றே பெயர் பெற்றது. சிம்லா மேட்டுக்குடியினருக்குப் புரியாதது அவர்களது பத்திரிகையின் விமர்சகருக்குப் புரிந்தது என்பதுதான் வேடிக்கை. ஃபாப்ரியும் அம்ரிதாவைப் போலவே புடாபெஸ்டில் பிறந்தவர். ஆனால், ஊர்ப்பாசம் மட்டுமே அவரை எழுதவைத்தது என்று ஒதுக்கிவிட முடியாது. அதே 1937-ல் பம்பாய் கலைச் சங்கத்தின் நடுவர்கள் 'மூன்று பெண்கள்' ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வழங்கியிருந்தனர்.

விமர்சகர்களின் பாராட்டால் விற்பனை கூடிவிடவில்லை. ஹைதராபாதில் சாலர் ஜங், பார்வைக்கு வாங்கி வைத்திருந்த ஓவியங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1941 டிசம்பரில், லாகூரில் அடுத்த கண்காட்சி தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, தமது 28-வது வயதில் அம்ரிதா காலமானார்.

நாடாளுமன்றம் 1972-ல் நிறைவேற்றிய பழம்பொருள்கள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டத்தின் கீழ், 1976-ல் அவரது படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டன. இவற்றை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. தில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவை உள்ளன. 1937-ல் அவர் வரைந்த 'கதை சொல்பவர்' ஓவியம், 2023 செப்டம்பரில் தில்லியில் ரூ.61.8 கோடிக்கு ஏலம் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அந்த விலையைப் பெற்றதில்லை.