உங்களுக்குத் தெரியுமா? சிக்கிய ரொட்டியும் வெண்ணெய்க் கத்தியும்

ரொட்டி மேலே எழும்பும்போதுதான் பெரும்பாலான டோஸ்டர்களில் மின்சாரம் துண்டிக்கப்படும். தடித்த துண்டு உள்ளே சிக்கிக்கொண்டால் நிக்ரோம் கம்பி சிவந்தபடியே காயும். அடித்தட்டில் சேர்ந்த ரொட்டித்தூள்கூடத் தீப்பிடிக்கலாம். அந்த நேரத்தில் வெண்ணெய்க் கத்தியால் நெம்புவது வம்பை விலைக்கு வாங்குவது. மலேசிய வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். பிளக்கிலுள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் வயரைத்தான் காக்கும், உங்களை அல்ல! முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்.

மெர்சிங் போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை. உப்புக்காற்றும், நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமும் உள்ளிருக்கும் உலோக இணைப்புகளை அரிக்கும். அழுத்திய கைப்பிடி கீழே நிற்காமல் துள்ளினால் அதுவும் காரணமாக இருக்கலாம்.

வாங்கும்போது எரிசக்தி ஆணைய ஒப்புதலுக்கான சிரிம் முத்திரையைத் தேடுங்கள். இணையத்தில் மலிவாக வருபவற்றில் இதை அவசியம் பார்க்க வேண்டும்.