குட்டி வீசிய ஆடும் சாயங்காலக் காய்ச்சலும்

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்க வருகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், மடியைத் தடவுவார்கள், எத்தனை ஈத்து என்பார்கள். கறுப்பு உடம்பும் முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடுமாக நிற்கிற கன்னி ஆட்டுக்கு நல்ல விலை. "குட்டி வீசியிருக்கா?" என்று கேட்டால் மட்டும் நேரான பதில் கிடைப்பது அபூர்வம்.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. கால்நடை மருத்துவர்கள் கன்று வீச்சு நோய் என்று சொல்லும் புருசெல்லோசிஸ், சினை முற்றிய ஆட்டை மாதம் நிறையுமுன்னே குட்டி வீச வைக்கும். எல்லா வீச்சுக்கும் இதுவே காரணமில்லை. ஆனால் இதுவாக இருந்தால் நஞ்சுக்கொடி முழுக்கக் கிருமி. கிடையில் ஈத்துப் பார்க்கிறவர் சிக்கிய குட்டியை வெறுங்கையால் இழுத்துப் போட்டு, வேட்டியில் துடைத்துக்கொண்டு நடப்பார். விரலில் கருவேல முள் கீறியிருந்தால் போதும், கிருமி உள்ளே போய்விடும்.

முதலில் நிணநீர்க் கணுக்களில் தங்கும். தன்னை விழுங்க வந்த வெள்ளணுவுக்குள்ளேயே பெருகி, ரத்தத்தில் இறங்கும். காலையில் ஆள் தெளிவாக இருப்பார். சாயங்காலம் காய்ச்சல், ராத்திரி வேர்வையில் பாய் நனையும். டைபாய்டு என்பார்கள், முதுகு வலித்தால் டிபி என்பார்கள். நூற்றுக்கு ஓரிருவருக்கு இதய வால்வில் ஒட்டி அரிக்கும். இந்த நோயில் சாகிறவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் சாகிறார்கள்.

1887-ல் மால்டாத் தீவில், காய்ச்சலில் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் இக்கிருமியைக் கண்டார். எங்கிருந்து வருகிறது என்பது பிடிபட 18 வருஷம் ஆனது. 1905-ல் தெமிஸ்டோகிளிஸ் சம்மிட் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். பார்வைக்கு ஒரு குறையுமில்லாத ஆடுகள், ரத்தத்திலோ அதே கிருமி! அடுத்த வருஷம் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. நாம் பாலைக் காய்ச்சித்தான் குடிக்கிறோம், அதில் கிருமி செத்துவிடும். எட்டயபுரம் பக்கத்துக் கரிசலில் பயப்பட வேண்டியது வெறுங்கைக்குத்தான்.

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி உண்டு, ஆட்டுக்கு இல்லை. மழை பொய்த்தால் ஆட்டை விற்றுச் சாப்பிடுகிற பூமிக்கு இது பாதித் திட்டம்தான். மனிதருக்கோ தடுப்பூசியே கிடையாது. வந்தால் டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்து 6 வாரம் விடாமல் சாப்பிட வேண்டும். காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும்.

ரத்தத்தில் இந்தக் கிருமியை வளர்த்துப் பார்க்க நாளாகும். சந்தேகத்தை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆய்வகத்தில் தவறிப்போகும், சோதிப்பவருக்கே தொற்றவும் கூடும். அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டில் ஆடு உண்டு, போன மாதம் ஒன்று குட்டி வீசியது என்று நாமே சொல்லிவிட வேண்டும். வீசிய குட்டியையும் கொடியையும் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க வேண்டும். ஓடைக்கரையில் எறிந்தால் நாய் இழுத்துக்கொண்டு அடுத்த கிடைக்குப் போய்விடும்.