பழைய கிராஸைக் கேட்டு வாங்குங்கள்

இலுப்பூரில் குட்டியானை ஓட்டுபவர் யாரும் வண்டி அடியில் சத்தம் வந்தால் வக்கீலை நினைப்பதில்லை. விராலிமலை ரோட்டிலோ அன்னவாசல் பக்கமோ பழகிய பட்டறை ஒன்று இருக்கும். “தம்பி, கியர் போட்டா அடியில டங்குனு அடிக்குது, பாத்து விடு” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். சாயங்காலம் போன் வரும். “அண்ணே, கிராஸ் போயிருச்சு. சென்டர் பேரிங்கும் ஆடுது. பார்ட்ஸ் திருச்சியில சொல்லியிருக்கேன், பஸ்ஸுல போட்டு விடுவாங்க. செஞ்சிடவா?” “சரி, பாத்துச் செய்யி.”

பேச்சு அத்தோடு முடிந்துவிடும். என்ன பழுது, எந்தச் சாமான், யார் தயாரித்தது, என்ன விலை, எத்தனை மாதம் பொறுப்பு என்று எதுவும் அதில் இல்லை. நாளைக்கே தகராறு வந்து நுகர்வோர் ஆணையத்தில் நின்றால், எதைச் செய்யச் சொன்னீர்கள், அவர் எதைச் செய்தார் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். மெக்கானிக் வேலையில் வரும் வழக்குகள் தோற்பது சட்டம் பலவீனமாக இருப்பதால் அல்ல. வண்டியைப் பிரிப்பதற்கு முன் ஒரு துண்டுக் காகிதம்கூட எழுதப்படாததால்தான்.

ஷாஃப்ட் வேலையில் இந்தக் காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் விளங்கும். குட்டியானை, பொலீரோ, பழைய ஆம்னி ஆகியவை பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் ஆக்சில் வரை நீளமாக ஓடும் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் யூ ஜாயிண்ட் கிராஸ் இருக்கும். நீளமான ஷாஃப்டாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங்கும் தாங்கும். ஸ்விஃப்ட், ஆல்ட்டோ போன்ற முன்சக்கர வண்டிகளில் இரண்டு பக்கமும் குட்டையான டிரைவ் ஷாஃப்ட், அதன் முனைகளில் ரப்பர் பூட்டுக்குள் கிரீஸோடு ஜாயிண்ட்.

முன்சக்கர வண்டியில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது சக்கரப் பக்கம் ‘டக் டக் டக்’ என்று வந்தால் பெரும்பாலும் வெளி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது. அதற்கு வெகுநாள் முன்பே ரப்பர் பூட் கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். குவாரித் தூசியும் செம்மண்ணும் பறக்கும் ரோட்டில் கிழிந்த பூட்டோடு ஓடினால் ஜாயிண்ட் சீக்கிரம் போய்விடும். சத்தம் வரும் முன்பே பார்த்துவிட்டால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். செலவு சில நூறு ரூபாயில் முடியலாம். முழு ஷாஃப்டை மாற்றினால் ஆயிரக்கணக்கில் போகும். பூட் மட்டும் கிழிந்த வண்டிக்கு “அசெம்பிளியையே மாத்தணும்” என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஜாயிண்டைக் கையால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பின்சக்கர வண்டியில் தகராறு வேறு மாதிரி வரும். கிராஸ் மாற்றிய மறுநாளே குறிப்பிட்ட வேகத்தில் வண்டி முழுக்க அதிரும். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்க ஃபிளாஞ்சிலும் சாக்பீஸாலோ பஞ்ச் வைத்தோ அடையாளம் போட்டு, அதே இடத்தில் திரும்பப் பூட்ட வேண்டும். வழுக்கும் பகுதியை உருவிச் செருகும்போது ஒரு பல் தள்ளிப் போனாலும் இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் நிற்காது, அதிர்வு வரும். லேத்தில் கொடுத்து வெல்டிங் வைத்து, பேலன்ஸ் பார்க்காமல் மாட்டினாலும் அதே கதைதான். “கியர்பாக்ஸ்லதாண்ணே கோளாறு, அது வேற செலவு” என்று பட்டறை சொல்லும். “நீங்க கைவைக்கிற வரைக்கும் அதிர்வு இல்லையே” என்று இவர் சொல்வார். அடையாளம் போட்ட போட்டோ ஒன்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

முன்சக்கர வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பல வண்டிகளில் டிரைவ் ஷாஃப்டை உருவினால் கியர் ஆயில் வழியும். திரும்ப அளவு பார்த்து ஊற்ற வேண்டும். உருவும்போது ஆயில் சீலும் சேதமாகலாம். ஊற்றாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில வாரம் கழித்து கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பிக்கும். பில்லில் கியர் ஆயில் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்த வரி இல்லையென்றால் ஊற்றினீர்களா என்று அங்கேயே கேட்டு, பில்லின் ஓரத்தில் எழுதி வாங்கலாம்.

இது பணத்தோடு முடிகிற விஷயம் அல்ல. ஓடும் வண்டியில் புரொப்பல்லர் ஷாஃப்டின் முன்முனை கழன்று ரோட்டில் குத்தினால் வண்டி கவிழக்கூடும். முன்சக்கர வண்டியில் ஒரு ஷாஃப்ட் உடைந்துவிட்டால், கியரில் போட்டு நிறுத்தினாலும் மேட்டில் வண்டி நிற்காது. ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

சரி, என்ன எழுதி வாங்குவது? பெரிய ஜாப் கார்டு எல்லாம் வேண்டாம். வண்டி எண், கிலோமீட்டர், நீங்கள் சொன்ன புகார், அவர் பார்த்த பழுது, மாற்றப்போகும் சாமானின் கம்பெனிப் பெயர், உத்தேசச் செலவு. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக நீங்களே அடித்து அனுப்பி, “சரிங்கண்ணே” என்று பதில் வாங்கினாலும் போதும். வேலை நடக்கும்போது கூடுதல் பழுது தெரிந்தால், என்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வண்டி எடுக்கும்போது கழற்றிய பழைய சாமானையும் புதுச் சாமான் வந்த அட்டைப்பெட்டியையும் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் பெயர், மாதம், ஆண்டு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் எடையளவுச் சட்டப்படி குற்றம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறைதான் அதைக் கவனிக்கிறது. ரீகண்டிஷன் செய்த ஷாஃப்டைப் புதிது என்று சொல்லி மாட்டுவது 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ரீகண்டிஷன் சாமான் போடுவதே தவறு என்று சொல்லவில்லை. பழைய வண்டிக்குப் பல நேரம் அதுதான் கட்டுப்படியாகும். சொல்லிப் போட வேண்டும், அவ்வளவுதான்.

பில் கொடுக்க மறுப்பதும் அதே சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறைதான். “பில் போட்டா ஜிஎஸ்டி வரும்ணே” என்பது பாதி உண்மை. பதிவு செய்யாத சிறிய பட்டறை ஜிஎஸ்டி வசூலிக்கவே முடியாது. வரி இல்லாத சாதாரண ரசீது கொடுக்கலாம். வரி வாங்கினால் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33இல் தொடங்கும். வாகன உதிரிபாகங்களுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். ரசீதே கிடைக்காவிட்டாலும் ஜிபேயில் அனுப்பிய பணம் சாட்சியாக நிற்கும். ஷாஃப்ட் வேலைக்குக் கையில் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது, பணம் கட்டும் வரை வண்டியைத் தர மாட்டேன் என்பது. இதில் பட்டறைக்காரர் பக்கமும் சட்டம் இருக்கிறது. பலரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170: ஒப்படைக்கப்பட்ட பொருளில் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், கூலி கிடைக்கும் வரை அதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே இரண்டு உதாரணம் உண்டு. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும் வரை வைத்திருக்கலாம். ஆனால், தைத்து முடித்ததும் கோட்டைத் தருகிறேன், காசுக்கு மூன்று மாதத் தவணை என்று சொன்ன தையல்காரர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. பட்டறைக்கும் அதே அளவுகோல்தான். இப்போது செய்த வேலைக்கு வண்டியை நிறுத்தலாம். போன வருஷத்துப் பாக்கிக்காக நிறுத்த முடியாது. பழைய கணக்குக்கெல்லாம் சேர்த்துப் பிடித்து வைக்கும் உரிமையைப் பிரிவு 171 வங்கி, உயர் நீதிமன்ற அட்டர்னி போன்ற சிலருக்கு மட்டுமே தருகிறது. மெக்கானிக் அந்தப் பட்டியலில் இல்லை, வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர.

தொகையில் தகராறு இருந்தால் வாய்ச்சண்டை போட்டு வண்டியைக் கிடப்பில் போடுவதைவிட, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டுப் பணத்தை அனுப்பி வண்டியை எடுப்பது நல்லது. குட்டியானை ஒரு வாரம் நின்றால் அந்த நஷ்டம் ஷாஃப்ட் விலையைத் தாண்டிவிடும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் இது சிவில் விவகாரம் என்றுதான் அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் சரிதான்.

பட்டறையில் நிற்கும்போது வண்டிக்கு வரும் சேதத்துக்கு யார் பொறுப்பு? ‘வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்’ என்ற போர்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஒரு சாதாரண விவேகி தன் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ளும் கடமை ஒப்படைப்புப் பெற்றவருக்கு உண்டு என்கிறது அதே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 151. டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் 1998இல் திருடு போன மாருதி ஜென் வழக்கில், ஊழியரிடம் சாவி கொடுத்த காருக்கு ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று டோக்கனில் அச்சிட்டுவிட்டு ஹோட்டல் தன் அலட்சியத்திலிருந்து தப்பிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஹோட்டல் பார்க்கிங் வழக்கு. சாவி வாங்கி வைத்திருக்கும் பட்டறைக்கும் அந்த நியாயத்தைக் காட்டி வாதாடலாம்.

வாடகை வண்டிக்காரருக்கு வழக்கமாக ஒரு பயம்: “இது தொழில் வண்டி, நுகர்வோர் சட்டம் நமக்கு வராது.” கோயம்புத்தூர் பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த நிறுவனம் தோற்றது. அது வாங்கியது வணிக நோக்கத்துக்கு என்று முடிவானது. ஆனால் அதே தீர்ப்பில், வயிற்றுப்பாட்டுக்காகத் தானே ஓட்டும் ஆட்டோவோ லாரியோ வாங்கியவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டதால் அந்த நிலை மாறாது என்றும் நீதிமன்றம் எழுதியது. இன்றைய சட்டமும் சுயதொழிலை வணிக நோக்கத்திலிருந்து அப்படியே விலக்கி வைக்கிறது. பத்து வண்டி, பத்து டிரைவர் வைத்து நடத்துபவர் சிவில் கோர்ட்டைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

புகாருக்கு முன் ஒன்று. அதிர்வு வந்த கோபத்தில் நேரே வேறு பட்டறைக்கு ஓட்டிப் போய்ப் பிரித்துவிடாதீர்கள். பிரித்த கணமே சாட்சி போய்விடும். “என் வேலை நல்லாத்தான் இருந்துச்சு, அவர் கெடுத்துட்டார்” என்று முதல் பட்டறை சொன்னால் பதில் இருக்காது. சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியது புகார்தாரர்தான் என்று 2021இல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் செய்தவருக்கு எழுத்தில் சொல்லி ஒரு வாய்ப்புக் கொடுங்கள். கடிதமாக அனுப்புவதென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். பழைய பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைந்துவிட்டது. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்ப, பில்லில் காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாள். அதற்குள் மறுத்தால் அதுவும் நியாயமற்ற வணிக நடைமுறை. அதன் பிறகு கம்பெனி சர்வீஸ் சென்டரிலோ அனுபவமுள்ள இன்னொரு மெக்கானிக்கிடமோ காட்டி, என்ன தவறு என்று எழுதி வாங்கிவிட்டுத்தான் கைவைக்கச் சொல்ல வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் பற்றி இடையில் ஒரு வார்த்தை. “வெளியில கைவச்சா வாரண்டி போயிரும்” என்று அங்கே மிரட்டுவார்கள். உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் விடாத 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தனிப் பட்டறையில் வண்டியைப் பழுது பார்த்தார் என்பதற்காக மட்டும் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் கெட்ட பகுதிக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. கம்பெனியிடம் வாரண்டி மறுப்பை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பேச்சின் தொனி மாறலாம்.

பட்டறை மீதான புகாருக்கு வருவோம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஆனால் அது சமரசம் செய்யும் இடம், தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல. தீர்ப்பு வேண்டுமென்றால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். திருச்சியில் செய்த வேலையானாலும் இலுப்பூர்க்காரர் புதுக்கோட்டையிலேயே புகார் கொடுக்கலாம். குடியிருக்கும் இடத்திலேயே தொடுக்கும் வசதி 2019 சட்டத்தில் வந்தது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். மாட்டிய சாமானே மோசம் என்பது வாதமென்றால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வு இல்லாத புகாரை 3 மாதத்திலும் ஆய்வு உள்ளதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடப்பில் இழுக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் 15100க்கு அழைத்தால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும்.

என்ன கேட்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதுவதைவிட, கட்டிய பில், இரண்டாவது பட்டறையில் ஆன செலவு, வண்டி நின்ற நாட்களின் வாடகை என்று ஆதாரத்தோடு பிரித்துக் காட்டுவது எடுபடும். வாடகை நஷ்டத்துக்கு டிரிப் ஷீட்டோ, முந்தைய மாதங்களில் வாடகைக்காரர்கள் ஜிபேயில் அனுப்பிய கணக்கோ வேண்டும். உத்தரவு வந்த பிறகும் எதிர்த்தரப்பு பணம் தராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 72இன் கீழ் அதே ஆணையத்தில் மனு போடலாம். ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதற்கு அதிகாரம் உண்டு.