ஹேங்ஓவர் தரும் கடவுள்

கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸை இன்று பலர் முதன்முதலில் சந்திப்பது ‘ஹேடிஸ்’ என்ற வீடியோ கேமில்தான். சூப்பர்ஜயண்ட் கேம்ஸ் நிறுவனம் 2020-ல் முழுமையாக வெளியிட்ட ஆட்டம் அது. பாதாள உலகின் அரசன் ஹேடிஸ். அவன் மகன் ஸாக்ரியஸ் அங்கிருந்து தப்பி மேலே வரப் பார்க்கிறான். ஸாக்ரியஸாக ஆடுவது நாம். ஒலிம்பஸ் மலையிலிருக்கும் உறவுக்காரத் தெய்வங்கள் வழியில் ஆளுக்கொரு வரம் தருகிறார்கள். ஜீயஸ் மின்னல் தருகிறான், போஸைடன் அலை தருகிறான். கிண்ணமும் கையுமாக வந்து, விருந்து வீட்டில் பார்த்த பழைய சிநேகிதனைப் போலப் பேசும் டயோனிசஸ் தருவது ‘ஹேங்ஓவர்’.

குடித்த மறுநாள் காலை மண்டையைப் பிளக்குமே, அதே ஹேங்ஓவர். இது பிடித்த எதிரி உடனே சாய்வதில்லை. நாம் விலகி நின்ற பிறகும் அவன் உயிர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே இருக்கும். மேலும் அடித்தால் ஐந்து அடுக்கு வரை ஏறும். இதை யோசித்தவர்கள் புராணத்தை ஆழ்ந்து படித்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன். டயோனிசஸ் கதைகளில் அவன் நேருக்கு நேர் நின்று ஆயுதம் வீசுவது அபூர்வம். எதிரியின் புத்திக்குள் இறங்குவான். மிச்சத்தை எதிரியே தனக்குச் செய்துகொள்வான்.

அவன் பிறந்ததே ஒரு சாவின் நடுவில். தீப்ஸ் நகர இளவரசி செமெலியை ஜீயஸ் காதலித்தான். அவன் மனைவி ஹீரா கிழவி வேடத்தில் வந்து, “உன்னிடம் வந்துபோகிறவன் ஜீயஸ்தானா? உண்மை உருவத்தைக் காட்டச் சொல்லிப் பார்” என்று தூண்டிவிட்டாள். எதைக் கேட்டாலும் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த ஜீயஸ், வேறு வழியில்லாமல் இடியும் மின்னலுமாக வந்து நின்றான். செமெலி எரிந்துபோனாள். வயிற்றிலிருந்த சிசுவை எடுத்துத் தன் தொடையில் வைத்துத் தைத்துக்கொண்டான் ஜீயஸ். மாதம் நிறைந்து அங்கிருந்து மறுபடி பிறந்தவன்தான் டயோனிசஸ்.

தாய் மானிடப் பெண் என்பதால், இவன் தெய்வம்தானா என்ற சந்தேகம் அவனை விடவில்லை. சொந்த ஊரான தீப்ஸே அவனை ஏற்க மறுத்தது. நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் எழுதி, அவர் இறந்த பிறகு, கி.மு. 405 வாக்கில் மேடையேறிய ‘பாக்கே’ நாடகத்தின் கதை இதுதான். தீப்ஸின் அரசன் பென்தியஸ், டயோனிசஸின் தாயுடன் பிறந்தவளின் மகன். ஊர்ப் பெண்கள் வீட்டை விட்டு மலையேறி ஆடுவதைப் பொறுக்காமல் வழிபாட்டைத் தடைசெய்கிறான். அந்நியன் வேடத்தில் வந்த கடவுளையே கட்டி இழுத்துவரச் செய்கிறான். டயோனிசஸ் பதறவில்லை. “அந்தப் பெண்கள் மலையில் என்ன செய்கிறார்கள், பார்க்க ஆசையா?” என்று மட்டும் கேட்கிறான். அந்தக் கேள்வியிலேயே பென்தியஸ் விழுந்துவிடுகிறான். பெண் உடை உடுத்தி, ஒளிந்து பார்க்கப் போகிறான். வெறியேறிய பெண்கள் அவனைச் சிங்கக்குட்டி என்று நினைத்துப் பிய்த்துப் போடுகிறார்கள். முன்னால் நிற்பவள் அவனைப் பெற்ற தாய் அகாவே. மகன் தலையை ஏந்தி, வேட்டையில் வென்ற பெருமையோடு ஊருக்குள் வருகிறாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குத் தெளிகிறது. கிரேக்க நாடகங்களில் இதைவிடக் கொடிய தெளிதல் ஒன்றை நான் படித்ததில்லை.

இவ்வளவு பயங்கரமான கதையை ஏதென்ஸ் மக்கள் டயோனிசஸின் விழாவிலேயே, அக்ரோபோலிஸின் தெற்குச் சரிவில் அவன் பெயரால் அமைந்த அரங்கிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். துன்பியல் நாடகமும் இன்பியல் நாடகமும் அங்கே அவன் விழாக்களில்தான் வளர்ந்தன. மது, வேடம், ஆட்டம் மூன்றும் ஒருவனை அவனிலிருந்து வெளியே கொண்டுபோகின்றன. மூன்றுக்கும் அதிபதி இவன்.

மதுவைக் கிரேக்கர்கள் அஞ்சியே கையாண்டார்கள். கிராதர் என்ற அகன்ற கலத்தில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றவர்களின் வழக்கம் என்பது அவர்கள் எண்ணம். இகாரியஸ் என்ற குடியானவனுக்கு டயோனிசஸ் மதுவைத் தந்ததாக ஒரு கதை உண்டு. அவன் அதை ஆட்டிடையர்களுக்கு ஊற்றிக்கொடுக்க, தலைசுற்றிய அவர்கள் விஷம் வைத்துவிட்டான் என்று நம்பி அவனைக் கொன்றுபோட்டார்கள். முதல் விருந்திலேயே ஒரு கொலை.

‘ஸ்மைட்’ என்ற இன்னொரு வீடியோ கேமில், ரோமானியர்கள் எடுத்துக்கொண்ட பெயரான பாக்கஸ் என்றே இவன் வருகிறான், தொப்பை பெருத்த குடிகாரனாக. அந்த உருவம் பழங்கிரேக்கத்துக்கு அந்நியம். பழைய கலயங்களில் டயோனிசஸ் தாடி வைத்த கம்பீரன், பிற்காலச் சிலைகளில் மெல்லிய இளைஞன். தொப்பையும் தள்ளாட்டமும் அவனை வளர்த்த கிழவன் சைலினஸுக்கு உரியவை.

மறுபடி ‘ஹேடிஸ்’ ஆட்டத்துக்கு வருவோம். பாடகன் ஓர்ஃபியஸை ஏமாற்ற டயோனிசஸும் ஸாக்ரியஸும் சேர்ந்து ஒரு பொய் சொல்கிறார்கள்: ‘நாங்கள் இருவரும் ஒருவரே.’ அவன் அதை நம்பிப் பாட்டே கட்டிவிடுகிறான். ஆடுபவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால், ஓர்ஃபியஸின் பெயரால் வழங்கிய பழைய மறைநெறி சொன்னதும் ஏறத்தாழ இதுவே. ஜீயஸுக்கும் பெர்ஸிஃபனிக்கும் பிறந்த குழந்தையை டைட்டன்கள் கிழித்துத் தின்றார்கள், இதயம் மட்டும் தப்பியது, அதிலிருந்து டயோனிசஸ் மீண்டும் பிறந்தான். நான்னஸ் போன்ற பிற்காலக் கவிஞர்கள் அந்த முதல் குழந்தையை ஸாக்ரியஸ் என்றே அழைத்தார்கள்.

டயோனிசஸ் மீதான நம்பிக்கை கல்லறைக்குள்ளும் போனது. 1985-ல் வட கிரேக்கத்தின் பெலின்னா என்ற இடத்தில், கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கல்லறையைத் திறந்தார்கள். அவள் மார்பின் மேல் மெல்லிய தங்கத் தகடுகள் இரண்டு இருந்தன. டயோனிசஸுக்கு உகந்த ஐவிக் கொடியின் இலை வடிவில் அவற்றை வெட்டியிருந்தார்கள். பாதாளத்தில் பெர்ஸிஃபனியின் முன்னால் போய் நிற்கும்போது, தன்னை விடுவித்தவன் பாக்கஸ்தான் என்று சொல்லும்படி அந்தத் தகடுகளில் அவளுக்கு எழுதி வைத்திருந்தார்கள்.