தாளும் கடுதாசியும்: மலாக்கா வழக்கில் ஒரு நோக்கு

ஆங்கிலத்தில் 'பேப்பர்' என்னும் ஒரே சொல் எழுதும் தாளையும் நாளிதழையும் வினாத்தாளையும் ஆய்வுரையையும் சான்றாவணத்தையும் குறிக்கும். தமிழில் இவையனைத்தும் ஒரு சொல்லில் அடங்கா. எனினும் மாணவர் 'பேப்பர்' என்று எழுதிய இடமெல்லாம் 'தாள்' என்று திருத்துவதை நம் ஆசிரியர்களுள் பலர் வழக்கமாகக் கொண்டுள்ளனர். அத்திருத்தம் எங்கும் பொருந்துமா என்பதை மலாக்காத் தமிழை வைத்தே பார்ப்போம்.

தாள் என்பது அடியையும் பயிரின் தண்டையும் குறித்த பழஞ்சொல். அறுவடைக்குப் பின் வயலில் நிற்பது அரிதாள். ஏடு பனையோலையினின்றும் இதழ் பூவினின்றும் வந்தவை. ஓலை வழக்கிறந்த பின்னும் நாளேடு என்றே சொல்கிறோம். காகிதம் பாரசீகத் தொடர்பால் வந்தது. அதைக் காகிதப்பூவில் நாள்தோறும் காண்கிறோம். மலாயரும் அச்செடியைப் 'பூங்கா கெர்த்தாஸ்' என்றே அழைக்கின்றனர்.

தோட்டத்து முதியோர் நாவில் வழங்கிய கடுதாசியின் வரலாறு நெடியது. அரபு மொழியின் 'கிர்த்தாஸ்' போர்த்துக்கீசியரிடம் 'கர்த்தாஸ்' ஆகி, அவர் வழியே தமிழுக்கு வந்தது. அவர்களுக்கு அது வெறுந்தாள் அன்று. இந்தியப் பெருங்கடலில் செல்லும் வணிகக் கப்பல்கள் அவர்களிடம் விலைகொடுத்துப் பெறவேண்டிய அனுமதிச் சீட்டு. அஃது இல்லாத கப்பலைப் பறிமுதல் செய்தனர். 1511இல் அவர்கள் கைப்பற்றிய மலாக்காவில் தமிழ் வணிகர் முன்பே குடியிருந்தனர். அவ்வணிகரின் வழித்தோன்றல்களே காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். மலாய் சார்ந்த அவர்களது வீட்டுமொழிக்கு உரியது 'கெர்த்தாஸ்'. அதுவும் அந்த அரபுச் சொல்லே. பிற்காலத்தில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த தமிழர் 'கடுதாசி'யைக் கொண்டுவந்தனர். ஒரே வேர்ச்சொல் இரு வழிகளில் பயணம் செய்து ஒரே மாநிலத்தில் வந்து சேர்ந்திருக்கிறது. தோட்டத்தில் "கடுதாசி வந்திருக்கு" என்றால் ஊரிலிருந்து மடல் வந்துள்ளது என்று பொருள். அங்கே 'தாள்' என்று திருத்தினால் மடல் மறைந்துவிடும்.

இனிப் 'பேப்பர்'. "அவருக்குப் பேப்பர் இல்லை" என்று தோட்டப்புறத்தில் சொன்னால், பிறப்புப் பத்திரமோ குடியுரிமைச் சான்றோ இல்லை என்பதே கருத்து. இந்நாட்டில் குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை. குடியுரிமை பெறாத நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு அட்டை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் பணி செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றது. அதன்பின் எத்தனையோ தோட்டத் தொழிலாளர் தமிழகம் திரும்பினர். கர்த்தாஸ் இல்லாத கப்பலும் பேப்பர் இல்லாத தொழிலாளியும் நம் நினைவில் அருகருகே நிற்பதைத் தவிர்க்க இயலவில்லை.

இவ்விடத்தில் 'தாள் இல்லை' என்று திருத்துவது பிழை. 'ஆவணம் இல்லை' என்பதே பொருந்தும். வினாத்தாளுக்குத் 'தாள் 1', 'தாள் 2' என நாம் வழங்குவது தகும். ஆகவே மாணவரின் கட்டுரையில் 'பேப்பர்' வரும்போது, சிவப்பு மையைத் தொடுமுன், "எந்தப் பேப்பரைச் சொல்கிறாய்?" என்று அவரையே கேட்டுவிடலாம். சில வேளைகளில் விடை இலக்கணத்தைப் பற்றியதாக இராது. அவர் வீட்டில் எவருக்கோ இன்னும் கிடைக்காத ஒரு பத்திரத்தைப் பற்றியதாக இருக்கும்.