குதிரையின் தாய்வழி

முகூர்த்த நாட்களில் அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துக் கல்யாண மண்டப வாசல்களில் சாரட்டு வண்டி பூட்டிய வெள்ளைக் குதிரைகளைப் பார்க்கலாம். எந்த இனம், மார்வாரியா, கத்தியவாரியா என்று கேட்டால் குதிரைக்காரர் ஒரு பதில் சொல்வார். தாய், பாட்டி, பூட்டி எனப் பல்லாயிரம் தலைமுறை பின்னே போகும் இன்னொரு பதிவு அந்தக் குதிரையின் பிடரி மயிரிலேயே இருக்கிறது.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. குதிரையில் அது ஏறத்தாழ 16,660 எழுத்துகள் கொண்ட வளையம். அதில் 37 மரபணுக்கள். கருவுற்றபின் விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா அழிந்துவிடுவதால், குட்டிக்குக் கிடைப்பது தாயின் வளையம்தான். கோவேறு கழுதைக்குத் தகப்பன் கழுதை, தாய் குதிரை. அதன் வளையத்தைப் படித்தால் கழுதையின் சுவடே இருக்காது; முழுக்கக் குதிரைதான்.

தலைமுறைகள் கடக்கையில் எப்போதாவது ஓர் எழுத்து மாறும்; அந்த மாற்றம் மகள்வழியே தொடரும். 'டி-லூப்' என்ற பகுதியில் மாற்றங்கள் வேகமாகச் சேர்வதால் ஆய்வாளர்கள் அதையே முதலில் படிப்பார்கள். 2012-இல் வெளியான ஓர் ஆய்வு 83 குதிரைகளின் முழு வளையங்களை ஒப்பிட்டு, 18 தாய்வழிக் குழுக்களாகப் பிரித்தது. அவற்றுக்கெல்லாம் பொதுவான தாய் வாழ்ந்தது சுமார் 1,30,000 முதல் 1,60,000 ஆண்டுகளுக்கு முன். மனிதர் குதிரையைப் பழக்கியதோ சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். ஆகவே, அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்ட பல தாய்வழிகளின் பெட்டைக் குதிரைகள் மனிதரின் மந்தைக்குள் வந்திருக்கின்றன. தந்தைவழி ஒய் குரோமோசோமில் வேறுபாடு மிகக் குறைவு. தேர்ந்தெடுத்த சில ஆண்குதிரைகளை ஏராளமான பெட்டைகளோடு சேர்த்ததன் விளைவு அது.

இந்த வளையம் ஏட்டுக் கணக்கையும் திருத்தும். கிண்டியில் ஓடிய பந்தயக் குதிரைகளின் இனமான தரோபிரெட்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வம்சாவளிப் பதிவேடு உண்டு. 2002-இல் அதன் பழைய தாய்வழிகளைச் சோதித்தபோது, ஒரே பாட்டியின் வாரிசுகள் என்று எழுதியிருந்த சில குதிரைகளின் வளையங்கள் ஒத்துப்போகவில்லை.

ஆனால் இனத்தின் பெயரை மட்டும் இது சொல்லாது. ஒரே தாய்வழிக் குழு பல இனங்களில் பரவியிருக்கிறது. தமிழகத்திலும் கலப்புக்கு வாய்ப்பு அதிகம். பாண்டிய நாட்டுக்கு அரபுக் கரைகளிலிருந்து கப்பலில் குதிரைகள் வந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார்; ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் இன்றும் வடநாட்டுக் குதிரைகள் கைமாறுகின்றன.

குதிரை வளர்ப்பவர்கள் குட்டி பிறந்ததும் தகப்பனின் பெருமையோடு தாயின் பெயரையும், தாயின் தாய் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நம் ஊர்க் குதிரைகளின் வரலாற்றில் பாதி அந்தத் தாய்களுடையது.